வெண்ணிற அங்கியும் ஒரு பழைய பத்திரமும்



2023 மார்ச்சில் திருத்தந்தை பிரான்சிஸ் பருத்த வெண்ணிறக் குளிரங்கி அணிந்து நடப்பது போன்ற படம் உலகெங்கும் பரவியது உங்களுக்கு நினைவிருக்கும். மிட்ஜர்னி என்னும் செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கொண்டு சிகாகோவைச் சேர்ந்த ஒருவர் வேடிக்கையாக உருவாக்கிய படம் அது. அந்த அங்கியால் எவருக்கும் தீங்கில்லை. ஆயினும், திருத்தந்தையரின் பெயரோடு பொய்யை இணைப்பது கணினியோடு பிறந்த பழக்கமன்று.

எட்டாம் நூற்றாண்டில் ஒரு பத்திரம் புனையப்பட்டது. 'கான்ஸ்டன்டைனின் கொடை' என்பது அதன் பெயர். தம் தொழுநோயைக் குணமாக்கிய திருத்தந்தை முதலாம் சில்வெஸ்தருக்குப் பேரரசர் கான்ஸ்டன்டைன் உரோமையையும் இத்தாலியையும் மேற்குத் திசை நாடுகளையும் எழுதிக்கொடுத்தார் என்றது அது. திருத்தந்தையர் சிலர் அதனை உரிமைச் சான்றாகவே காட்டினர். அக்கொடையால் திருச்சபைக்குக் கேடு விளைந்தது என்று நொந்துகொண்ட கவிஞர் தாந்தேகூட, அப்படியொரு கொடை நிகழ்ந்ததா என்று ஐயுறவில்லை. எதிர்த்தவரும் நம்பினர் என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியது.

1433-இல் குசா நகர நிக்கோலாஸ் என்பவர், பிற்காலத்தில் கர்தினாலானவர், பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்தார். இத்துணைப் பெரிய கொடையை அக்காலத்து நம்பத்தகுந்த வரலாற்றாசிரியர் எவரும் குறிப்பிடவில்லை! 1440-இல் லொரென்சோ வல்லா அதன் மொழியையே சோதித்தார். பாரசீக ஆளுநரைக் குறிக்கும் 'சத்ரப்' என்னும் சொல் உரோமைப் பேரரசரின் ஆணையில் எவ்வாறு நுழைந்தது என்று கேட்டார். வல்லாவின் நோக்கம் முற்றிலும் தூயது என்று நான் சொல்லமாட்டேன். அவரை ஆதரித்த மன்னர் அல்போன்சோ அப்போது திருத்தந்தையோடு பிணக்கில் இருந்தவர். ஆனால் வாதம் சரியானது. பின்னர் திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ் அதே வல்லாவைத் தம் அலுவலகப் பணியில் அமர்த்தினார்.

2025 மே 8 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ தேர்ந்தெடுக்கப்பட்டார். இரண்டு நாள்களில், கர்தினால்களிடம் தம் பெயருக்கான காரணத்தை விளக்கியபோது செயற்கை நுண்ணறிவையும் அவர் குறிப்பிட்டார். அம்மாதமே, புர்க்கினா பாசோ நாட்டுத் தலைவர் இப்ராகிம் த்ராவோரேக்கு அவர் மறுமொழி கூறுவது போன்ற 36 நிமிடக் காணொளி யூடியூபில் பரவியது. அது போலி என்று வத்திக்கான் அறிவித்தது.

பத்திரம் புனைந்தவர் சொல்லில் தவறினார். இன்றைய இயந்திரமோ ஒருவரின் உண்மையான குரலையும் முகத்தையும் எடுத்துக்கொண்டே பொய்யைக் கோக்கிறது. ஆகவே வல்லாவைப் போல உற்றுப் பார்ப்பது மட்டும் நமக்குப் போதாது. குசாவின் கேள்வி இன்னும் பயன்படும்: இதை வேறு யார் பதிவு செய்திருக்கிறார்கள்? திருத்தந்தையின் உரைகள் வத்திக்கான் இணையத்தளத்தில் வெளியிடப்படுகின்றன. வத்திக்கான் செய்திப் பிரிவு தமிழிலும் செய்தி தருகிறது. நம் பங்கின் வாட்சப் குழுவுக்கு அடுத்த காணொளி வரும்போது முதலில் அங்கே தேடுங்கள். கிடைக்காவிட்டால், பிறருக்கு அனுப்பும் முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், சேர்ந்து தேடுவோம்.