மேலவையில் ஒரு மிதவாதி: சின்ன காஞ்சிபுரத்து அண்ணாதுரையும் 1962–67 மாநிலங்களவைக் காலமும்

‘மிதவாதி’ என்ற சொல்லுக்குத் தமிழ் அரசியலில் நல்ல பெயர் கிடையாது. 1907 சூரத் காங்கிரசில் திலகர் பக்கம் நின்ற வ.உ.சியும் பாரதியும் இங்கே வீரர்களாக நினைக்கப்படுகிறார்கள். எதிர்ப்பக்கம் மிதவாதிகளாக இருந்தவர்களின் பெயரைக் கேட்டால் பலருக்கும் நினைவுக்கு வராது. விட்டுக்கொடுப்பவன், காலம் பார்ப்பவன், பதவிக்காகப் பல்லைக் காட்டுபவன் என்ற நிழல் அச்சொல்லின் மேல் அன்றே விழுந்துவிட்டது. சி.என். அண்ணாதுரையை மிதவாதி என்று எழுதினால் அவருடைய அன்பர்கள் முகம் சுளிப்பதும், எதிரிகள் “அப்படித்தானே” என்று மகிழ்வதும் அதனால்தான். இரு தரப்புக்கும் உடன்படாமல் ஒன்றைச் சொல்ல இக்கட்டுரை முயல்கிறது: அண்ணாவின் மிதவாதம் 1963இல் பிரிவினைத் தடைச் சட்டத்துக்கு அஞ்சிப் பிறந்ததன்று. அது அவர் பொதுவாழ்வு நெடுகிலும் கைக்கொண்ட ஒரு முறை. மாநிலங்களவையில் இருந்த ஐந்தாண்டுகளில்தான் அம்முறை முழுமையாகச் சோதிக்கப்பட்டது; அதன் வலுவும் அதன் விலையும் அப்போதுதான் வெளிப்பட்டன.

அவர் பிறந்தது 1909 செப்டம்பர் 15இல், காஞ்சிபுரத்தில், நெசவைக் குலத்தொழிலாகக் கொண்ட செங்குந்தர் குடும்பம் ஒன்றில். சிற்றன்னை இராஜாமணி அம்மாள்தான் வளர்த்தார்; வீட்டில் அவரைத் ‘தொத்தா’ என்பார்கள். பச்சையப்பன் கல்லூரிக்குப் போகும் முன் நகராட்சியில் எழுத்தர் வேலையும் சில மாதம் பார்த்தார். இன்று அரசு நினைவில்லமாக இருக்கும் அவர் வீடு சின்ன காஞ்சிபுரத்தில், விஷ்ணு காஞ்சி எனப்படும் வரதராஜப் பெருமாள் கோயில் பக்கத்து ஊரில் இருக்கிறது. எந்தத் தனியனை (குரு வணக்கப் பாடலை) ஓதுவது, யாருக்கு முன்னுரிமை என்று வைணவரில் வடகலையாரும் தென்கலையாரும் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றம் ஏறிய ஊர் அது. சண்டை ஓயவில்லை, ஆனால் மறுநாளும் அதே கோயிலில், அதே வீதியில்தான் எல்லோரும் நடந்தாக வேண்டும். பகுத்தறிவு பேசிய ஓர் இளைஞனுக்கு இச்சூழல் என்ன கற்றுக்கொடுத்திருக்கும் என்று ஊகிக்கலாம். ஊகத்துக்கு மேல் அதை உயர்த்த நான் விரும்பவில்லை. கரையையும் உடலையும் வெவ்வேறு நிறத்தில் நெய்து பூட்டும் காஞ்சிப் பட்டின் கோர்வையை மாநில-மத்திய உறவுக்கு உவமையாக்குவதும் அப்படித்தான்: மேடைக்கு அழகு, ஆய்வுக்குப் பயன் குறைவு.

சான்றுகளைப் பார்ப்போம். 1947 ஆகஸ்ட் 15ஐத் துக்க நாள் என்றார் பெரியார். அவருடைய இயக்கத்துக்குள் இருந்துகொண்டே, அது மகிழ வேண்டிய நாள் என்று அண்ணா எழுதினார். பிரிட்டிஷார் போவது ஒரு பிரச்சினை, அதன்பின் அதிகாரம் யாரிடம் என்பது வேறொரு பிரச்சினை என்று இரண்டையும் பிரித்துப் பார்த்தார். 1949இல் திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றியபோது பெரியாருக்கென்று தலைவர் நாற்காலியைக் காலியாக வைத்தார். தாம் பிரிந்து வந்த தலைவரை வசைபாடுவதைக் கொள்கையாக்கவில்லை. 1953இல் பெரியார் பிள்ளையார் சிலைகளை உடைத்தபோது, தாம் பிள்ளையாரை உடைப்பதுமில்லை, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதுமில்லை என்ற நிலையை எடுத்தார். அதே ஆண்டில் கைத்தறித் துணி தேங்கி நெசவாளர் பட்டினி கிடந்தபோது, கழகத்தார் துணி மூட்டையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றனர். அண்ணா திருச்சியில் விற்றார். 1956 திருச்சி மாநாட்டில் தேர்தலில் நிற்கலாமா என்ற கேள்வியைத் தாமே முடிவுசெய்யாமல் வந்திருந்தவர்களின் வாக்குக்கு விட்டார். 1963இன் அந்தச் சட்டமான அரசியல் சட்டப் பதினாறாம் திருத்தம் யார் கனவிலும் இல்லாத காலத்தில் நடந்தவை இவை. எதிராளியைப் பகைவனாக்காமல் எதிர்ப்பது, முடிவைக் கூட்டத்தின் கையில் கொடுப்பது, இன்று இயலும் அளவுக்கு இன்று பேசுவது என்ற மூன்றும் அப்போதே அவரிடம் இருந்தன.

1957இல் காஞ்சிபுரம் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. கழகத்துக்கு 15 இடம். 1962இல் இடம் 50 ஆனது, ஆனால் அந்தப் பதினைவரில் மு. கருணாநிதியைத் தவிர மற்றவர்கள் தோற்றனர். அண்ணாவைத் தோற்கடித்தவர் காங்கிரசின் நடேச முதலியார், பேருந்து முதலாளி. ஊரில் தோற்றவரைச் சட்டமன்ற உறுப்பினர்கள் தம் வாக்கால் மாநிலங்களவைக்கு அனுப்பினார்கள்.

இந்த இடத்தில் அமெரிக்காவை ஒரு கணம் பார்ப்பது உதவும். அங்கும் 1913இன் பதினேழாம் திருத்தம் வரை செனட்டர்களைத் தேர்ந்தெடுத்தவை மாநிலச் சட்டமன்றங்கள்தாம். ஒப்புமை அதோடு முடிகிறது. அங்கே பெரிய மாநிலமானாலும் சிறிய மாநிலமானாலும் தலா இரண்டு இடம். இங்கே இடங்கள் பெரும்பாலும் மக்கள்தொகையைப் பின்பற்றுகின்றன. ஆகவே ‘மாநிலங்களின் அவை’ என்ற பெயருக்குள்ளேயே எண்ணிக்கைப் பெரும்பான்மை குடிபுகுந்துவிட்டது. அமெரிக்க மிதவாதியின் பலம் எண்ணிக்கையில் இருக்கிறது. 1964 ஜூனில் குடிமை உரிமைகள் சட்ட விவாதத்தை முடித்துவைக்க 71 வாக்குகள் சேர்ந்தன என்றால், செனட்டில் குடியரசுக் கட்சியின் தலைவர் எவரெட் டர்க்சன் தம் பக்கத்து வாக்குகளைத் திரட்டிக் கொடுத்ததும் அதற்கு முக்கியக் காரணம். நடுவில் நிற்பவர் அசைந்தால்தான் சட்டம் அசையும். அண்ணாவிடம் அப்படித் தர எதுவுமில்லை. அவர் வாக்கால் எந்த மசோதாவும் வெல்லவுமில்லை, வீழவுமில்லை. பேச்சு மட்டுமே கையிருப்பு.

1962 மே 1இல் நிகழ்ந்த கன்னிப் பேச்சு அதனால் கவனத்துக்குரியது. தாம் வேறொரு மரபிலிருந்து, திராவிட மரபிலிருந்து வருவதாக ஆங்கிலத்தில் அறிவித்தார். அடுத்த மூச்சிலேயே வங்காளியின் மீதோ மராட்டியன் மீதோ குஜராத்தியின் மீதோ தமக்குப் பகையில்லை என்றார். திராவிட நாடு என்ற தனிநாடு கேட்ட பேச்சு அது. தீவிரத்தின் உச்சம் என்று கழகத்தின் வரலாறு அதைக் கொண்டாடுகிறது. நான் படித்த அளவில், கோரிக்கை தீவிரமானது, வாதமுறை மிதமானது. தன்னுரிமை என்ற பொதுக் கோட்பாட்டைப் பிடித்துக்கொண்டு, குறுக்கிட்டவர்களுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லியபடி, கேட்பவரைத் தன் பக்கம் இழுக்கும் பேச்சு. பொதுக்கூட்டத்தில் தம்பிமார் முழங்கிய ‘அடைந்தால் திராவிட நாடு, இல்லையேல் சுடுகாடு’ என்ற முழக்கம் அதில் இல்லை.

ஆண்டு முடிவதற்குள் சீனா படையெடுத்தது. விலைவாசிப் போராட்டத்துக்காக வேலூர்ச் சிறையில் இருந்து அக்டோபரில் வெளிவந்த அண்ணா, பிரிவினைப் பரப்புரையை நிறுத்திவைத்துப் போர் முயற்சிக்கு ஆதரவு தந்தார். வீடு இருந்தால்தான் ஓடு மாற்றலாம் என்பது அப்போதைய அவருடைய நியாயம். சர் சி.பி. இராமசாமி ஐயர் குழுவின் பரிந்துரையில் பிறந்த பதினாறாம் திருத்தம் வந்தது அதன் பிறகு, 1963இல். இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக வேட்பாளர் ஒவ்வொருவரும் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றது அது. மாநிலங்களவையில் அண்ணா அதை எதிர்த்துப் பேசினார்; பிறகு கட்சி கோரிக்கையைக் கைவிட்டது.

“சட்டத்துக்குப் பயந்துவிட்டார்” என்பவர்கள் இந்தக் கால வரிசையைக் கவனிப்பதில்லை. முதல் பின்வாங்கல் சட்டத்துக்கு முந்தியது. அதற்காகச் சட்டத்துக்குப் பங்கே இல்லை என்று வாதிடுவதும் நேர்மையாகாது: நிறுத்திவைப்பது வேறு, கைவிடுவது வேறு, இரண்டாவதைச் சட்டம்தான் செய்வித்தது. கோரிக்கையை விட்டாலும் அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று அண்ணா சொல்லிவந்ததில்தான் அவர் முறையின் சூட்சுமம் இருக்கிறது. நாட்டுக் கோரிக்கையை விட்டவர் மொழி, பெயர், நிதி, அதிகாரம் என்று காரணங்களைத் தனித்தனியாக எடுத்து, அரசியல் சட்டத்துக்கு உட்பட்ட வழக்குகளாக மாற்றிக்கொண்டார்.

மொழி வழக்கு உடனே வந்தது. 1963 ஆட்சிமொழிச் சட்டத்தில் ஆங்கிலம் தொடர‘லாம்’ என்றிருந்ததே தவிர தொடர ‘வேண்டும்’ என்றில்லை. நேரு நல்லெண்ணத்தோடு விளக்கம் தந்தார். நல்லெண்ணம் சட்டப் புத்தகத்தில் ஏறாது என்பது அண்ணாவின் கவலை. எண்ணிக்கை அதிகம் என்பதால் இந்தி என்றால், தேசியப் பறவையாக மயிலை அல்ல, காக்கையைத்தான் தேர்ந்திருக்க வேண்டும் என்று அவர் வாதிட்டதை இன்று சிரிப்புத் துணுக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எண்ணிக்கை மட்டுமே நியாயமாகிவிடாது என்ற மேலவைத் தத்துவத்தையே, அதை மறந்துபோன ஒரு மேலவையிடம் எடுத்துச் சொன்னார் என்பதே அதன் பொருள்.

பெயர் வழக்கும் அதே ஆண்டில்தான். சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயரிடக் கம்யூனிஸ்ட் உறுப்பினர் பூபேஷ் குப்தா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை அண்ணா ஆதரித்தார். பெயர் மாற்றி என்ன பயன் என்று கேட்டவர்களிடம், பார்லிமெண்டை லோக்சபா, ராஜ்யசபா என்று மாற்றியதில் என்ன பயன் கண்டீர்கள் என்று திருப்பிக் கேட்டார். மசோதா தோற்றது.

இனி விலை. ஈ.வெ.கி. சம்பத் 1961இலேயே திராவிட நாடு நடக்காது என்று வெளியேறித் தமிழ்த் தேசியக் கட்சி கண்டார். அவர் சொன்ன இடத்துக்கே இரண்டாண்டில் அண்ணாவும் வந்து சேர்ந்தார். சம்பத்தின் கணிப்பு சரி. அண்ணாவின் காலக்கணக்கு சரி. ஆனால் அந்த இரண்டாண்டிலும் முழக்கத்தை நம்பித் தெருவில் நின்ற தொண்டனுக்கு இந்த நயம் எட்டியிருக்காது. நம்ப முடியாத முழக்கத்தை நெடுநாள் ஒலிக்க விட்டது அண்ணாவின் குறை என்றே கருதுகிறேன். 1965இல் இன்னொரு விலை. இந்தி ஆட்சிமொழியாகவிருந்த சனவரி 26ஐத் துக்க நாளாக்கிய தலைவர்கள் கைதாயினர்; மாணவர் கிளர்ச்சி அவர்கள் கையை மீறியது. நிறுத்துங்கள் என்று அவர் கேட்டும் மாணவர் உடனே கேட்கவில்லை. மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் செங்கற்பட்டு உறுப்பினர் ஓ.வி. அளகேசனும் பதவி விலகிய பின், பிப்ரவரி 11இல் ஆங்கிலம் தொடரும் என்று வானொலியில் உறுதி தந்தார் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி. அவையில் இரண்டாண்டுகளாகக் கேட்டும் கிடைக்காத வாக்குறுதியைத் தெரு இரண்டே வாரத்தில் வாங்கிவிட்டது. மிதவாதத்தைப் போற்றுபவர்கள் (என்னையும் சேர்த்து) இதை எளிதாகத் தாண்டிப்போகக் கூடாது. ஆனால் தெரு எதைக் கேட்க வேண்டும் என்ற சொல், ‘லாம்’ வேண்டாம், உத்தரவாதம் வேண்டும் என்ற சொல், அவையில்தான் கூர்மையாக்கப்பட்டது.

1967இல் ராஜாஜியின் சுதந்திரக் கட்சி, முஸ்லிம் லீக், மார்க்சிஸ்டுகள் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாதவர்களை ஒரே அணியாக்கியதும் அதே முறைதான். மார்ச் 6இல் முதலமைச்சரானார். சூலை 18இல் சட்டமன்றம் தமிழ்நாடு என்ற பெயருக்குத் தீர்மானம் நிறைவேற்றியது. நான்காண்டுக்கு முன் தோற்ற வழக்கு இப்போது பெரும்பான்மையோடு தில்லிக்குப் போனது. சுயமரியாதைத் திருமணம் சட்டமாயிற்று. 1968 சனவரி 23இல் இருமொழித் தீர்மானம் வந்தது. அவ்வாண்டு யேல் பல்கலைக்கழகம் தன் சப் (Chubb) ஃபெல்லோஷிப்பின் மதிப்புறு விருந்தினராக அவரை அழைத்தது. ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் சென்னை, கோவை நகரங்களைத் தாண்டவில்லை. மாநில சுயாட்சி பேச்சளவிலேயே நின்றது, அதற்கான இராஜமன்னார் குழுவை 1969 செப்டம்பரில் கருணாநிதிதான் அமைத்தார். தமிழ்நாடு என்ற பெயர் 1969 சனவரி 14இல் நடைமுறைக்கு வந்தது. பிப்ரவரி 3இல் அண்ணா இறந்தார்.

முதலமைச்சரான தேர்தலில் அவர் காஞ்சிபுரத்தில் நிற்கவில்லை. தென்சென்னை மக்களவைத் தொகுதியில் வென்று, அதை விட்டு, சட்டமேலவை உறுப்பினராக இருந்து ஆட்சி நடத்தினார். சொந்த ஊர் வாக்காளர்கள் அண்ணாவைத் தேர்ந்தெடுத்தது ஒரே ஒரு முறை, 1957இல்.