டோனாவூர் ஐக்கியம்

திருநெல்வேலி மாவட்டத்தில், களக்காட்டுக்கு அருகே மலையடிவாரத்தில் அமைந்த கிறிஸ்தவக் குழந்தைகள் இல்லம். நிறுவியவர் அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் (1867–1951). கோயில் பணிக்கு ஒப்புக்கொடுக்கப்படவிருந்த பிரீனா என்ற சிறுமி, 1901 மார்ச்சில் பண்ணைவிளையில் அவரிடம் அடைக்கலம் புகுந்தாள், அதுவே தொடக்கம். 1918 முதல் ஆண் குழந்தைகளையும் ஏற்றனர்.

மனித பலத்தை அல்ல, கடவுளின் பலத்தையே சார்ந்திருத்தல் என்ற கிறிஸ்தவக் கொள்கை இங்கே அன்றாடக் கணக்குவழக்காகவே ஆனது. பணம் வேண்டுமென்று எவரிடமும் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை. தேவையை ஜெபத்தில் மட்டும் சொல்வார்கள். பிரிஸ்டலில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லரும், சீனாவில் ஊழியம் செய்த ஹட்சன் டெய்லரும் முன்பே நடந்த வழி இது. பசித்த குழந்தைகள் நிறைந்த வீட்டில் இதைக் கடைப்பிடிக்க அசாத்தியத் துணிவு வேண்டும்.

மனித இயலாமையில் இறையாற்றல் வெளிப்படும் என்பது பவுல் அப்போஸ்தலரின் போதனை. அதன் கடுமையான சோதனை 1931 அக்டோபரில் வந்தது. களக்காட்டில் குழியில் விழுந்து கால் முறிந்த ஏமி, இறக்கும்வரை பெரும்பாலும் அறையிலேயே முடங்கினார். குழந்தைகளுக்கு அவர் அப்போதும் 'அம்மா'தான். பல நூல்களைப் படுக்கையிலிருந்தே எழுதினார்.