எண்ணுக்கு முன் இடம்: அணுகல் வரைபடத்தில் குறைந்தபட்ச இறங்கு உயரம்

கருவிகளை நம்பி இறங்கும் விமானியின் அணுகல் வரைபடத்தில், அடிப்பகுதியில் ஓர் உயரம் அச்சிடப்பட்டிருக்கும். ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணில் படாதவரை அதற்குக் கீழே இறங்கக் கூடாது. இதுவே குறைந்தபட்ச இறங்கு உயரம். அந்த எண்ணைத் தனியே பாதுகாப்பின் எல்லையாகக் கொள்வது பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம். விமானம் குறித்த பாதையில் குறித்த இடத்தைக் கடந்திருந்து, உயரமானியில் அன்றைய காற்றழுத்தமும் சரியாகப் பதிந்திருந்தால்தான் அந்த எண் செல்லும்.

1974 டிசம்பர் 4 இரவு, சுராபாயாவிலிருந்து 182 ஹஜ் யாத்திரிகர்களுடன் வந்த மார்ட்டின்எயார் டிசி-8 விமானம், இலங்கையின் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்க முனைகையில் மஸ்கெலியாப் பக்கத்துச் சப்த கன்னியர் மலையில் மோதியது. பணியாளர் ஒன்பது பேர் உட்பட 191 பேரும் மாண்டனர். விமானிகள் தாம் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்துப் பாதுகாப்பு உயரத்துக்குக் கீழே இறங்கினர் என்றது விசாரணை. டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் சார்ந்திருந்தது அத்தவறுக்கு வழிவிட்டது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் ஹாஜிகளும் அதே கட்டுநாயக்காவிலிருந்தே புறப்படுகிறார்கள். கிழக்குக் கரையின் காரைதீவிலிருந்து நோக்குகையில் இது அயலார் துயரமன்று.

அந்த விமானம் இறுதி அணுகலைத் தொடங்கவே இல்லையே, இவ்வுதாரணம் எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். அதனாலேயே பொருந்துகிறது. வரைபடம் திசைப் பிரிவு வாரியாகத் தரும் பாதுகாப்பு உயரங்கள் பொதுவாக 25 கடல்மைல் ஆரத்துக்கே பொறுப்பேற்கின்றன. மோதிய இடமோ ஓடுபாதையிலிருந்து ஏறத்தாழ 40 கடல்மைல் தென்கிழக்கே. அங்கே அந்த உயரங்களில் எதுவும் பொருந்தாது.

1992 செப்டெம்பர் 28 கத்மாண்டு விபத்தில் எண்கள் சரி, வாசித்த படிதான் பிழை. படிப்படியாக இறங்க வேண்டிய அந்த அணுகலில், பாகிஸ்தான் விமானம் ஒவ்வொரு தூரப் புள்ளியிலும் அடுத்த படிக்குரிய உயரத்தில் இருந்தது. 167 பேர் இறந்தனர். கரையோரத்தில் பழகியவர்களுக்கு இன்னொரு இடர்ப்பாடும் உண்டு. வரைபடம் கடல்மட்டத்திலிருந்து ஓர் உயரத்தையும் ஓடுபாதையிலிருந்து இன்னோர் உயரத்தையும் தரும். மட்டக்களப்பிலும் கட்டுநாயக்காவிலும் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. எதை எடுத்தாலும் பெரிய வேறுபாடில்லை. 1,300 மீட்டருக்கு மேலுள்ள கத்மாண்டுவில் அவற்றிடையே 4,000 அடிக்கும் மேல் இடைவெளி.

காற்றழுத்தத்தைப் பற்றிச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். செங்குத்து வழிகாட்டல் இல்லாத அணுகலின் இறுதிப் பகுதியில், தடைகளுக்கு மேல் சர்வதேச விதி கேட்கும் இடைவெளி 75 மீட்டர், அதாவது 246 அடி. இறுதி அணுகல் தொடங்கும் புள்ளி குறிக்கப்படாவிட்டால் 90 மீட்டர். கடல்மட்டத்தருகே ஒரு ஹெக்டோபாஸ்கல் சுமார் 27 அடிக்குச் சமம். உண்மை அழுத்தம் 1003 ஆக இருக்க 1013 என்று பதிந்தால் விமானம் உயரமானி காட்டுவதைவிட 270 அடி தாழ்வாகப் பறக்கும். பாதுகாப்புக்கென விட்ட இடைவெளி முழுவதும் போய்விடும். துல்லிய அணுகலில், இறங்குவதா மேலெழுவதா என்று விமானி முடிவெடுக்கும் உயரத்தில், மேலெழத் தொடங்கும் கணத்தில் விமானம் சற்றுத் தாழ்வதற்கும் இடம் விடப்பட்டுள்ளது; குறைந்தபட்ச இறங்கு உயரத்தில் அதுகூட இல்லை. 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட இக்கிழக்குக் கரையில், அழுத்தம் எவ்வளவு விழக்கூடும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

செய்மதி வழிகாட்டல் வந்தபின் இவையெல்லாம் பழங்கதை என்பாரும் உளர். என்னால் ஏற்க முடியவில்லை. செய்மதி இடத்தைத் திருத்தமாகச் சொல்கிறது. ஆனால் பல அணுகல்களில் உயரம் இன்னும் மனிதர் பதியும் அழுத்தத்தையே நம்பியிருக்கிறது. 2022 மே 23 பாரிஸ் சார்ல் து கோல் விமான நிலையத்தில் 1001 என்பதற்குப் பதில் 1011 என்று கட்டுப்பாட்டாளர் அறிவித்தார். செய்மதி வழியே அணுகிய ஏ320, ஓடுபாதைக்கு ஒரு கடல்மைலுக்கும் குறைவான தொலைவில் நிலத்திலிருந்து ஏறத்தாழ 6 அடி வரை தாழ்ந்து, பின் மேலெழுந்து தப்பியது. ஆகவே பயிற்சி மாணவரிடம் குறைந்தபட்ச உயரம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், எந்தப் புள்ளியைக் கடந்தாய், எந்த அழுத்தத்தைப் பதிந்தாய், அதை வேறெந்த வழியில் சரிபார்த்தாய் என்று கேட்க வேண்டும்.