ஊட்டிக் குளிரும் கியர் விழாத வண்டியும்



ஊட்டியில் டாக்ஸி ஓட்டும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். என் அப்பா லாரி டிரைவர் என்பது அவருக்குத் தெரியும். "சார், காலையில் செகண்ட் கியர் விழவே மாட்டேங்குது. கியர்பாக்ஸை இறக்கணும்னு ஒர்க்‌ஷாப்பில் சொல்றாங்க. ஓனர் என் சம்பளத்தில் பிடிப்பேங்கிறார்" என்றார்.

"கொஞ்ச தூரம் ஓடின பிறகு எப்படி இருக்கு தம்பி?"

"கால் மணி நேரத்தில் சரியாகிடுது சார்."

இந்தப் பதிலில்தான் விஷயம் இருக்கிறது. அது புரிய கொஞ்சம் சரித்திரம் வேண்டும்.

1890களில் பிரான்ஸில் எமில் லெவாசோர் தம் கார்களில் பற்சக்கரங்களை நகர்த்திக் கோக்கும் கியர் முறையைக் கொண்டுவந்தார். இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும்போது கோத்தால் பல்லோடு பல் மோதிக் கரகரவென்று அரைபடும். அதனால் வந்ததுதான் 'டபுள் கிளட்ச்'. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, மறுபடி மிதித்து அடுத்த கியர் போட வேண்டும். கியரைக் குறைக்கும்போது நடுவில் ஆக்சிலேட்டரையும் கொஞ்சம் கொடுக்க வேண்டும். என் அப்பா வாழ்நாள் முழுக்க அப்படித்தான் லாரி ஓட்டினார்.

1928இல் அமெரிக்காவில் காடிலாக் கார்களில் 'சிங்க்ரோமெஷ்' வந்தது. ஏர்ல் தாம்சன் என்ற பொறியாளர் உருவாக்கியது. பற்கள் கோப்பதற்கு முன் கூம்பு வடிவ உலோகப் பகுதி ஒன்று உரசி, இரண்டின் வேகத்தையும் சமமாக்கிவிடும். டிரைவர் செய்த வேலையை அந்தக் கூம்பு ஏற்றுக்கொண்டது.

ஆனால் அந்தக் கூம்பு உரச வேண்டுமானால் நடுவில் உள்ள ஆயில் விலக வேண்டும். குளிரில் ஆயில் இறுகிவிடும். கூம்பு சட்டென்று பிடிக்காது, கியரும் விழாது. குளிர்காலையில் நம் கார் 1928க்கு முந்தைய காராக மாறிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்காகத்தான் ஆயில் டப்பாவில் 75டபிள்யூ, 80டபிள்யூ என்று போடுகிறார்கள். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். எண் குறையக் குறைய, குளிரில் ஆயில் இளக்கமாக இருக்கும்.

மாணவரிடம் மூன்று விஷயம் சொன்னேன். வண்டி சூடானதும் சரியானால் முதலில் ஆயிலைப் பார். சூடான பிறகும் இறுக்கமாக இருந்து, இன்ஜினை அணைத்தால் மட்டும் கியர் லேசாக விழுந்தால், கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. அணைத்தாலும் இறுக்கம் என்றால் கியர் கேபிளைப் பார்க்கச் சொல். அதுவரை லிவரைப் பலமாகத் தள்ளாதே. தேய்வது அந்தக் கூம்புதான்.

கையேட்டோடு ஒப்பிட்டபோது, போன சர்வீஸில் குளிருக்கு ஒவ்வாத கெட்டி ஆயிலை ஊற்றியிருந்தது தெரிந்தது. ஆயிலை மாற்றியதோடு சரி. கியர்பாக்ஸ் இறங்கவில்லை, சம்பளமும் தப்பியது. இப்போதும் முதல் ஒரு கிலோமீட்டர் நிதானமாக, டபுள் கிளட்ச் போட்டுத்தான் ஓட்டுகிறாராம்.

அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

மலைப்பக்கம் வண்டி ஓட்டும் பிள்ளைகள் இதை நினைவில் வையுங்கள். எல்லாரும் நலமாக இருங்கள்.