புகைவண்டியும் மதுரையும்

ஓடிய பாதையை வைத்தன்று, கக்கிய புகையை வைத்தே நம் முன்னோர் அதற்குப் 'புகைவண்டி' எனப் பெயரிட்டனர். திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்கு அது 1875-இல் வந்து சேர்ந்தது. தொடக்ககால எஞ்சின்கள் விறகையே மிகுதியும் எரித்தன. கடலோரச் சவுக்குத் தோப்புகள் பெருகியதில் அவற்றின் பசிக்கும் பங்குண்டு. நிலக்கரி பின்னர் வந்தது.

கண்ணில் கரித்தூள் விழுந்த கதையைப் பயணிகள் இன்றும் சுவையாகச் சொல்வர். புகையின் உண்மையான கொடுமையோ எஞ்சின் கொட்டகையில்தான் இருந்தது. வண்டி ஓடும்போது புகைபோக்கி வழியே பீறிடும் நீராவி, அடுப்புக்குள் காற்றை இழுக்கும். தீ நன்கு எரியும். ஆறிக் கிடக்கும் எஞ்சினில் புதிதாகத் தீ மூட்டும்போது அந்த இழுப்பு இராது. நீராவி திரள மணிக்கணக்காகும். அதுவரை, அரைகுறையாய் எரிந்த கரியின் கரும்புகை தாழ்ந்து தவழும்.

மதுரை நிலையம் பழைய நகருக்கு மேற்கே உள்ளது. ரயில்வே குடியிருப்போ நிலையத்துக்கும் மேற்கே. ஆடிக் காற்று புகையை மேல மாசி வீதிப் பக்கம் தள்ளும். ஐப்பசியில் காற்று திரும்பினால், அது தொழிலாளர் வீடுகளின் மேல் கவியும். கொடியில் காயும் வெள்ளைத் துணியே அதற்குச் சாட்சி. துவைத்ததை மறுபடியும் துவைத்தவர்கள், அந்தப் புகை தந்த சம்பளத்தில் குடும்பம் நடத்திய பெண்களே.