வெள்ளி இழையும் கடாரத் தமிழரும்

பழைய வெள்ளி அணி ஒன்று கடைக்கு வந்தால் முதலில் தராசில் ஏறுகிறது. அடுத்து உலையில் இறங்குகிறது. சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் அலோர் ஸ்டாரிலும் இதுவே வழக்கம். எடைக்கு விலை உண்டு, கைவேலைக்கு இல்லை. இவ்வாறு உருகி மறையும் கலைகளுள் ஒன்று வெள்ளிக் கம்பி வேலை. அதன் வரலாற்றைத் தமிழாசிரியர்கள் அறிந்திருத்தல் நலம்.

இவ்வேலையில் வெள்ளியைத் தகடாக்கிச் செதுக்குவதில்லை, இழையாக்கி வளைக்கிறார்கள். உருக்கி வார்த்த வெள்ளிக் கோலை அடித்து மெலியச் செய்து, எஃகுக் கம்பியச்சின் துளைகளில், பெரியதிலிருந்து சிறியதாக, ஒன்றன்பின் ஒன்றாக இழுப்பர். இழுக்க இழுக்க வெள்ளி இறுகும். ஆதலால் இடையிடையே நெருப்பில் காய்ச்சி இளக்குவர். மெல்லிய இரண்டு இழைகளை முறுக்கித் தட்டையாக்கி, சாமணத்தால் சுருளாகவும் இதழாகவும் வளைத்து, தடித்த கம்பிச் சட்டத்துக்குள் அடுக்குவர். வெங்காரமும் பற்றுப்பொடியும் இட்டு ஊதுகுழலால் ஊத, இழைகள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். சூடு சிறிது மிஞ்சினாலும் வேலை முழுவதும் பாழாகும். ‘பொடிவைத்து ஊதுதல்’ என்று நாம் பேச்சில் வழங்கும் தொடர் பத்தரின் பட்டறையிலிருந்து வந்ததே.

ஒடிசாவின் கட்டாக் நகரில் இக்கலைக்குத் ‘தாரகசி’ என்று பெயர். தெலங்கானாவின் கரீம்நகரிலும் இது வாழ்கிறது. கரீம்நகர் வேலைக்கு 2007-லும் கட்டாக் வேலைக்கு 2024-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் நாட்டில் கிளந்தானின் கோத்தா பாரு இதற்குப் பெயர் பெற்றது. தமிழகத்தில் இதற்கு நெருங்கிய உறவுடையது, நுண்கம்பியால் பின்னிய திருச்சிராப்பள்ளிச் சங்கிலி. 19-ஆம் நூற்றாண்டில் அது இங்கிலாந்து வரை புகழ் பெற்றிருந்தது.

திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்தே நம் முன்னோருள் பலர் இந்நாட்டுத் தோட்டங்களுக்கு வந்தனர். அவர்களோடு தண்டையும் காப்பும் அரைஞாணும், பெண் குழந்தைகளுக்கான அரைமூடியும் வந்தன. மலாய் மக்களும் அரைமூடி போன்ற அணியைச் ‘சாப்பிங்’ என்று வழங்கினர். இவை எல்லாம் கம்பி வேலை அல்ல. வார்ப்பும் செதுக்கும் இவற்றுள் உண்டு. ஆயினும் பின்னல் அரைஞாணைக் கூர்ந்து நோக்குவோர் அதே கம்பியச்சின் கைத்திறனைக் காண்பர். வங்கிக் கணக்கு அறியாத தொழிலாளிக்கு வெள்ளியே சேமிப்பு. 1941 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில் அச்சேமிப்பு அரிசிக்கும் மரவள்ளிக்கும் கைமாறியது. எஞ்சியவற்றுள் பல, பிற்காலத்தில் பிள்ளைகளின் படிப்புக்கும் திருமணத்துக்கும் உருகின. விற்றவர்களைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை. ஆனால், விற்கும் முன் அவற்றின் பெயரையேனும் எழுதி வைத்தோமா?

இங்கே ஒரு பழைய செய்தியை நினைவுகூர்தல் தகும். நாகப்பட்டினம் காயாரோகணர் கோயிலில் முதலாம் இராசேந்திர சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. கடாரத்தின் மீது அவர் 1025-இல் படை செலுத்துவதற்குச் சில ஆண்டுகள் முந்தியவை அவை. கிடாரத்து அரசரின் அலுவலர்கள், நாகையழகர் என்னும் வெள்ளித் திருமேனிக்கு அணிகள் வழங்கியதையும், நகை செய்யச் சீனப் பொன் அளித்ததையும் அவை கூறுகின்றன. கிடாரம் என்பது கடாரமே. அது நம் கெடா என்பது அறிஞர் பலர் கருத்து. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இக்கரையிலிருந்து அக்கரைக்குச் சென்ற அணிகளை நாம் இன்று அறிவது எவ்வாறு? கல்லில் எழுதி வைத்ததால் அன்றோ?

நம்மிடம் கல் இல்லை. கரும்பலகையும் பயிற்சி ஏடும் உண்டு. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலும் மாணவர்கள் தத்தம் பாட்டியிடம் கேட்டு, வீட்டில் உள்ள ஒரு பழைய அணியின் பெயர், அதை அணிந்தவர், செய்யப்பட்ட ஊர் ஆகியவற்றை எழுதி, அதன் படத்தையும் வரைந்து வரட்டும். பெயர் தெரியாவிடில் தெரியாது என்றே எழுதட்டும். அவ்வேடுகளைப் பள்ளி நூலகத்தில் காப்போம். உருகிய வெள்ளி வேறு அணியாகி வரும். அதை அணிந்தவரின் கதை ஏட்டில் இருந்தால்தான் வரும்.