மூடப்பட்ட பள்ளியும் கூடும் மாணவரும்: உயர்நிலைப்பள்ளிப் பழைய மாணவர் தொடர்பு – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசிய, சிங்கப்பூர்ப் பள்ளிகளின் வரலாறு இதுவரை பெரும்பாலும் சட்டங்கள், அறிக்கைகள், கட்டடங்கள், மாணவர் எண்ணிக்கை ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு பள்ளி எப்பொழுது தொடங்கியது, நிலம் அளித்தவர் யார், எத்தனை மாணவர் பயின்றனர், எப்பொழுது மூடப்பட்டது என்பனவற்றை நாம் ஓரளவு அறிவோம். அப்பள்ளியை விட்டு வெளியேறியவர்கள் பின்னர் என்ன ஆயினர் என்னும் வினாவுக்கு அரசு ஆவணங்களில் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. அவ்விடை பள்ளி இதழ்களின் பின்பக்கங்களிலும், பழைய மாணவர் சங்க மலர்களிலும், ஒன்றுகூடல்களில் வாய்வழியாகப் பரிமாறப்படும் செய்திகளிலும் சிதறிக் கிடக்கின்றது.

இத்தகைய தொடர்பு மரபு இந்நாடுகளின் ஆங்கில உயர்நிலைப்பள்ளிகளில் எவ்வாறு வேரூன்றியது, தமிழ்வழிக் கல்வியில் அஃது ஏன் தளர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது. தமிழ்வழி உயர்நிலைக் கல்விக்குச் சான்றாகச் சிங்கப்பூர் உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளியை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் உயர்நிலைப்பள்ளி என்று வழங்கப்படுவதே மலேசியாவில் இடைநிலைப்பள்ளி எனப்படுகின்றது. ஒரு பள்ளி இயங்கிக்கொண்டிருக்கும் வரையில் பழைய மாணவர் கூடல் அதற்குத் துணையாக அமைகின்றது. பள்ளி மூடப்பட்ட பின்னரோ அக்கூடலே அப்பள்ளியின் எஞ்சிய ஆவணக்காப்பகமாகி விடுகின்றது. இதுவே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்தாகும்.

ஆங்கிலப் பள்ளிகளில் வேரூன்றிய மரபு

பினாங்கு இலவசப் பள்ளி 1816ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் பாதிரியார் ஹட்சிங்ஸ் அவர்களின் முயற்சியால் தொடங்கப்பட்டது. அப்பள்ளியின் ஓர் அங்கமாகத் தமிழ் வகுப்பும் அமைந்ததைக் கொண்டே மலேசியாவில் தமிழ்க் கல்வியின் 200ஆம் ஆண்டு நிறைவு 2016இல் கொண்டாடப்பட்டது. தமிழ் வகுப்பு நெடுங்காலம் நீடிக்கவில்லை, பள்ளி நீடித்தது. 1928இல் அப்பள்ளி ஃபார்குவார் தெருவிலிருந்து கிரீன் லேனுக்கு இடம்பெயர்ந்தது. இடம் மாறிய பின்னும் அதன் பழைய மாணவர்கள் தமக்கென ஒரு பெயரைக் கொண்டு, சங்கங்கள் அமைத்து, நிறுவனர் நாளை ஒட்டிக் கூடும் வழக்கத்தைக் கைவிடவில்லை.

கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடத்திற்கு 1893இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அஃது 1894இல் திறக்கப்பட்டது. அதன் தொடக்ககால அறங்காவலர்களுள் கா. தம்புசாமிப் பிள்ளையும் ஒருவர் என்பது தமிழர் வரலாற்றோடு நேரடித் தொடர்புடைய செய்தியாகும். 1920களில் இப்பள்ளிக்கெனத் தனி இதழ் தோன்றியது. சிங்கப்பூரில் 1823இல் அடிக்கல் நாட்டப்பெற்ற ராஃபிள்ஸ் கல்விக்கூடம் 1972இல் பிராஸ் பசா சாலையிலிருந்து வெளியேறியது. அதன் பழைய கட்டடம் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் வணிக வளாகம் எழுந்தது. ஆயினும் பள்ளியின் பெயரும் சங்கமும் புதிய மாணவர் வருகையும் தொடர்ந்தமையால் நினைவின் தொடர்ச்சி அறுபடவில்லை.

இப்பள்ளிகளில் மரபு நிலைபெற்றதற்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம். முதலாவதாக, ஆண்டுதோறும் ஒரு புதிய அணி வெளியேறிச் சங்கத்திற்கு இளம் உறுப்பினரை வழங்கியது. இரண்டாவதாக, அச்சிட்ட இதழ் ஒன்று செய்தியைத் தாங்கி நின்றது. மூன்றாவதாக, அரசுப் பணியிலும் வணிக நிறுவனங்களிலும் அமர்ந்த பழைய மாணவர்கள் சந்தா செலுத்தவும் நன்கொடை வழங்கவும் வசதி பெற்றிருந்தனர். இம்மூன்றுள் ஒன்று குறைந்தாலும் சங்கம் தளரும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

தனிச்செய்தி என்னும் வரலாற்றுச் சான்று

பள்ளி இதழ்களின் பழைய மாணவர் பகுதியை மேலோட்டமாகப் படிப்பவருக்கு அது சுவையற்ற துணுக்குகளின் தொகுப்பாகவே தோன்றும். ஒருவர் இரயில்வே துறையில் எழுத்தராகச் சேர்ந்தார், ஒருவர் ஈப்போவிற்கு மாற்றலாகிச் சென்றார், ஒருவர் மருத்துவம் பயிலச் சிங்கப்பூர் சென்றார், ஒருவருக்குத் திருமணம், ஒருவர் காலமானார். இத்தகைய வரிகளே அப்பகுதியை நிரப்புகின்றன. தனித்தனியே நோக்கும்போது இவை குடும்பச் செய்திகள். இருபது ஆண்டு இதழ்களை வரிசையாக வைத்து நோக்கும்போது ஒரு சமூகத்தின் தொழில் மாற்றம், இடப்பெயர்வு, மணவுறவு, ஆயுள் ஆகியவற்றின் போக்கு அவற்றில் புலனாகின்றது. இலங்கைத் தமிழர் மலாயாவின் இரயில்வே, எழுத்தர் பணிகளில் நிலைபெற்ற வரலாற்றை ஆராய்வோருக்கு இவை பயனுள்ள சான்றுகளாகும். 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சிக்குப் பின்னர் யார் எஞ்சினர், யார் மறைந்தனர் என்பதை அறியவும் பள்ளித் தோழரிடையே பரவிய செய்தி ஒரு வழியாக அமைந்தது.

எனினும் இச்சான்றைப் பயன்படுத்துவோர் அதன் குறைகளையும் கருத்தில் கொள்ளவேண்டும். பதவி உயர்வு பெற்றவர் செய்தி அனுப்புவார். வேலை இழந்தவர் அனுப்பமாட்டார். கூடலுக்கு வருபவர் வாழ்வில் ஓரளவு நிலைபெற்றவராகவே பெரும்பாலும் இருப்பார். பெண்கள் மணமான பின் பெயரும் முகவரியும் மாறுவதால் பட்டியலிலிருந்து எளிதில் விடுபட்டுப் போகின்றனர். ஆகவே, தனிச்செய்திப் பகுதி அனைவரின் வரலாறு அன்று. சொல்லத் துணிந்தவரின் வரலாறு. சொல்லாதவரைத் தேடுவதும் ஆய்வாளரின் கடமையாகும்.

தமிழ்வழிக் கல்வியில் அறுந்த தொடர்

தமிழ்ப் பள்ளிகளின் நிலை வேறு. 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேல் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தியது. அவ்வாறு எழுந்த பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு நின்றன. மலாயா விடுதலை பெற்ற 1957இல் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று 500க்குச் சற்று மேற்பட்டவையே உள்ளன. 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கைக்கும் 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திற்கும் பின்னர்த் தமிழ்ப் பள்ளி தேசியக் கல்வி அமைப்பில் தொடக்கநிலையில் இடம்பெற்றது. தமிழை முழுப் பயிற்றுமொழியாகக் கொண்ட அரசு இடைநிலைப்பள்ளி மலேசியாவில் உருவாகவில்லை. ஆறாம் ஆண்டு முடித்த மாணவர் புகுமுக வகுப்பின் வழியாகவோ நேரடியாகவோ வேற்றுமொழிப் பள்ளிக்குச் சென்றார். அங்கே முதலில் ஆங்கிலமும், 1970க்குப் பின் படிப்படியாக மலாயும் பயிற்றுமொழியாயின.

இதன் விளைவு நம் பொருளுக்கு முதன்மையானது. பள்ளித் தோழமை உறுதிப்படுவது பதின்ம வயதில்தான். பன்னிரண்டு வயதில் பிரிந்த பிள்ளைகளுக்கு ஒருவரையொருவர் தேடிச் செல்லும் முகவரி இல்லை. பலருக்கு முழுப்பெயர்கூட நினைவில் இருப்பதில்லை. பிற்காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது பள்ளி, கோயில், குடியிருப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே மறைந்தன. ஆதலால் தோட்டத் தமிழ்ப் பள்ளியின் முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் என்று இன்று நிகழ்வது, பெரும்பாலும் அத்தோட்டத்தாரின் ஒன்றுகூடலாகவே அமைகின்றது.

இவ்விடத்தில் சீனர் கல்வியோடு ஓர் ஒப்பீடு தேவைப்படுகின்றது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் அரசு உதவி பெறும் பள்ளியாக மாற இசையாத சீன இடைநிலைப்பள்ளிகள் தனியார் பள்ளிகளாகத் தொடர்ந்தன. இன்று அவ்வகைப் பள்ளிகள் ஏறத்தாழ 60 உள்ளன. பொதுமக்கள் நன்கொடையோடு பழைய மாணவர் சங்கங்களின் ஆதரவும் அவற்றைத் தாங்கி நிற்கின்றது. பள்ளி மாணவரை உருவாக்கியது. அம்மாணவர் பின்னர்ப் பள்ளியைக் காத்தனர். தமிழ்வழிக் கல்வியில் இடைநிலைப்படி இல்லாமையால் இச்சுழற்சி தொடங்கவே வாய்ப்பு ஏற்படவில்லை எனலாம்.

உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி

இப்பொதுநிலைக்கு விதிவிலக்காக அமைந்தது சிங்கப்பூர் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி. கடையநல்லூரிலிருந்து குடும்பத்தோடு குடியேறிய தமிழ் முஸ்லிம்கள் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் செறிந்து வாழ்ந்தனர். அப்பகுதியில் கடையநல்லூர்த் தெரு என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது. 1941இல் அவர்கள் நிறுவிய சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக், போர் முடிந்தபின் 1946இல் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் பெயரால் இப்பள்ளியைத் தொடங்கியது. 1960இல் உயர்நிலை வகுப்புகள் ஏற்பட்டன. தமிழை முழுப் பயிற்றுமொழியாகக் கொண்ட உயர்நிலைப்பள்ளி சிங்கப்பூரில் இஃது ஒன்றே.

ஆங்கிலக் கல்வி வேலைவாய்ப்புக்கு வழியாக, பெற்றோர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கு அனுப்பினர். மாணவர் எண்ணிக்கை குறைந்து, பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1987இல் சிங்கப்பூர்ப் பள்ளிகள் அனைத்தும் ஆங்கிலத்தை முதன்மைப் பயிற்றுமொழியாகக் கொண்டன. பள்ளியின் பெயர் மட்டும் உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையத்தின் பெயராக நிலைத்தது. அந்நிலையம் பல பள்ளி மாணவருக்குத் தமிழை ஒரு பாடமாகக் கற்பிக்கும் இடம். கணிதத்தையும் அறிவியலையும் தமிழிலேயே கற்பித்த உயர்நிலைப்பள்ளி அன்று. பெயர் ஒன்றாயினும் பட்டறிவு வேறு.

ராஃபிள்ஸ் கல்விக்கூடம் கட்டடத்தை இழந்தும் நிலைத்தது. உமறுப்புலவர் பள்ளியோ கட்டடத்தோடு பயிற்றுமொழியையும் புதிய மாணவர் வருகையையும் இழந்தது. மேலே சுட்டிய மூன்று காரணங்களுள் முதலாவது அங்கு இல்லை. 1982க்குப் பின் ஒரு புதிய உறுப்பினரும் சேரமுடியாது. 1960இல் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் சேர்ந்தவர்கள் இன்று எழுபதுகளின் பிற்பகுதியில் உள்ளனர். இறுதி அணியினர் அறுபதை எட்டும் பருவத்தினர். தமிழ்வழியில் உயர்நிலைக் கல்வி பெறுவது எத்தகையது என்பதைத் தம் வாழ்வைக் கொண்டு கூறக்கூடிய சிங்கப்பூரர் இவர்கள்தாம். அறிவியல் பாடத்தில் எக்கலைச்சொற்கள் வழங்கின, தமிழில் பயின்றவர் ஆங்கிலத்தில் இயங்கிய அலுவலகத்திற்குள் எவ்வாறு நுழைந்தனர், எத்தனை பேர் தமிழாசிரியர் ஆயினர் என்னும் வினாக்களுக்கு விடை கூறுவோர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர்.

கூடலின் இயல்பும் செய்தியின் நிலையும்

பழைய மாணவர் கூடல்கள் தாமாக நிகழ்வதில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் பெயர்ப்பட்டியலை மனத்திலோ ஏட்டிலோ வைத்திருக்கும் ஒருவர் இருப்பார். அவர் ஒருவரை அறிவார். அந்த ஒருவர் மூவரை அறிவார். பிள்ளைகள் தலையெடுத்த பின்னரும் பணி ஓய்வுக்குப் பின்னருமே இத்தேடல் விரைவு பெறுகின்றது. கூடலில் ஆசிரியருக்குப் பொன்னாடை போர்த்தப்படும். மறைந்தோர் பெயர் படிக்கப்பட்டு மௌனம் காக்கப்படும். பழைய வகுப்புப் படம் கைமாறும். அப்படத்தைச் சுற்றி நின்று இவர் யார், அவர் யார் எனப் பெயர் சொல்லும் பொழுதே ஆய்வாளருக்கு மிகவும் மதிப்புள்ள பொழுது. பெயர் எழுதப்படாத படம் ஒரு தலைமுறைக்குப் பின் வெறும் படமாகிவிடும்.

முன்னாளில் தமிழரிடையே தனிச்செய்தியைச் சுமந்தவை நாளிதழ்கள். 1935இல் தொடங்கிய தமிழ் முரசும், 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசனும் திருமண வாழ்த்து, மரண அறிவித்தல், நினைவஞ்சலி ஆகியவற்றை வெளியிட்டுச் சிதறிய தோழரை இணைத்தன. இன்று அப்பணியைப் புலனக் குழுக்களும் முகநூலும் மேற்கொண்டுள்ளன. ஒரு தோழர் மருத்துவமனையில் சேர்ந்த செய்தி அரைமணி நேரத்தில் அனைவரையும் எட்டுகின்றது. இந்த விரைவு வரவேற்கத்தக்கது. ஆனால் கைப்பேசி மாறும்போதும் குழு கலையும்போதும் அச்செய்தி அழிந்துபோகின்றது. நூற்றாண்டுக்கு முற்பட்ட பள்ளி இதழை நூலகத்தில் எடுத்துப் படிக்கலாம்; சென்ற ஆண்டின் புலனச் செய்தியைப் படிக்க இயலுமா என்பது ஐயமே.

முடிவுரை

பழைய மாணவர் தொடர்பை மலரும் நினைவுகளுக்குரிய பொழுதுபோக்காக மட்டும் கருதுதல் பொருந்தாது. மூடப்பட்ட தமிழ்வழி உயர்நிலைப்பள்ளியைப் பொறுத்தவரை அதுவே முதன்மைச் சான்று. எனவே நாம் உடனடியாகச் செய்யத்தக்கவை மூன்று. ஒவ்வோர் ஒன்றுகூடலிலும் வகுப்புப் படங்களுக்குப் பெயர் எழுதுவித்தல் வேண்டும். உரியவரின் இசைவு பெற்று, நோய், குடும்பச் சிக்கல் போன்ற மறைவுக்குரியவற்றை விலக்கி, வாழ்க்கைக் குறிப்புகளை ஒலிப்பதிவு செய்தல் வேண்டும். வெளியிடப்பெறும் மலர்களின் ஒரு படியையேனும் பொது நூலகத்திலோ பல்கலைக்கழக நூலகத்திலோ சேர்த்தல் வேண்டும்.

இதற்கு முன்மாதிரி நம்மிடமே உண்டு. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை 1956இல் சிங்கப்பூரில் தோன்றியபோது, கோ. சாரங்கபாணி முன்னின்று நடத்திய ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதிக்கு எளிய மக்கள் சிறு தொகைகளாக வழங்கினர். அதனால் தமிழ் நூல்கள் சேர்ந்தன. அன்று நூல்களைச் சேர்க்க மக்களிடம் சென்றதுபோல, இன்று வகுப்புப் படங்களையும் மலர்களையும் வாய்மொழிகளையும் நாடி அவர்களிடம் செல்லவேண்டும். தமிழாசிரியர் ஒருவர் தம் வட்டாரத்தில் நிகழும் ஓர் ஒன்றுகூடலுக்கு மாணவர் இருவரை ஒலிப்பதிவுக் கருவியோடு அழைத்துச் சென்றாலே இப்பணி தொடங்கிவிடும். 1960இல் அப்பள்ளியில் சேர்ந்தவர்கள் நம்மிடையே உள்ள காலத்திலேயே இது நிறைவேறவேண்டும்.